எடது வலது தப்பாத மாஸ்டர்

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். நான் எட்டாவது ஃபெயிலு. ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள கை வலிக்குது. அதுவுமில்லாம ஆள் இன்னும் உயிரோட இருக்கார். செத்தவங்கள பத்தின்னா நல்லவிதமா நாலு வார்த்த போட்டு முடிச்சிரலாம், உயிரோட இருக்கறவங்க வீட்டுக்கு வந்து கேப்பாங்க. ஆனா போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டாண்ட அவரப் பாத்தேன். என் மூஞ்சியப் பாத்து சிரிச்சார். அதுதான் பேஜாரா போச்சு. அந்த மனுஷன் ஒரு காலத்துல எவன் மூஞ்சியையும் பாக்க மாட்டார். காலத்தான் பாப்பார்.

பேரு எழுதல. ஷூ கம்பெனியில நாங்க எல்லாரும் மாஸ்டர்னு கூப்புடுவோம். ஊருக்குள்ள வேற பேரு, மணிலாக்கொட்ட. பிலிப்பைன்ஸ்ல, மணிலா பக்கத்துல மரிகினான்னு ஒரு ஊரு. நமக்கு ஆம்பூர் எப்படியோ அந்த நாட்டுக்கு அது. ஊர் பூரா செருப்பும் ஷூவும்தான். அங்க பத்து வருஷத்துக்கு மேல வேல செஞ்சிட்டு வந்தவர். எங்க பக்கத்துல வேர்க்கடலைக்கு மணிலான்னு பேரு இருக்கறதால எவனோ அப்படி வச்சுட்டான். நான் இல்ல. நான் வச்சது பாதபூஜ.

கம்பெனியில அவருக்கு கடைசி செக்கிங். ஷூ தச்சு, அடி ஒட்டி, பாலிஷ் போட்டு, டப்பாக்குள்ள போறதுக்கு முன்னாடி எடதும் வலதும் சரியான ஜோடியான்னு பாத்து அனுப்பறது. கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத வேல மாதிரி இருக்கும். ஒரே தோலு, ஒரே நெறம், ஒரே சைஸ்ல ஆயிரம் ஷூ பெல்ட்டுல வரும்போது நின்னு பாருங்க, மத்தியானத்துக்குள்ள நம்ம கையே எடது எது வலது எதுன்னு மறந்துரும். அவரு கட்ட வெரல ஷூ உள்ள விட்டு ஒரு தடவு தடவுவார். அவ்ளோதான். கண்ணு வேற எங்கயோ இருக்கும்.

வேற எங்கயோன்னா, எவன் காலு மேலயாவது இருக்கும். ஜி.எம். ஒரு நாள் புது ஷூ போட்டுக்கினு செக்‌ஷனுக்கு வந்தாரு. மாஸ்டர் வணக்கமே வைக்கல. ஆள் தெரியலயாம். ஸ்டிச்சிங்ல இருக்கற பொண்ணுங்க கேட்டாண்ட வரிசையா நிக்கும்போது, குனிஞ்ச தல குனிஞ்சபடி ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுக்கினே போவார். பொண்ணுங்களுக்கு சிரிப்பா வரும், கொஞ்சம் பயமாவும் இருக்கும். சில பொண்ணுங்க சேலய எறக்கி கால மறச்சுக்கும்.

நான் சும்மா இருப்பனா. ஒரு நாள் செருப்ப கால் மாத்திப் போட்டுக்கினு, பின்னாடி பூனை மாதிரி போய் நின்னேன். திரும்பக்கூட இல்ல. மேசைக்கு கீழ கண்ணு போன மாதிரியும் தெரியல.

"என்ன சோதிக்கறியாடா? எனக்கு எடது வலது தப்பாது. போய் ஒழுங்கா போட்டுக்கினு வா."

மூஞ்சியப் பாத்து பேசுங்க மாஸ்டர்னு ஒரு தபா சொன்னேன். "மூஞ்சிக்கு பவுடர் அடிக்கலாம். காலுக்கு இன்னாத்த அடிப்ப?" அப்படின்னார்.

இப்ப கொட்டாய்க்கு வரேன்.

வாணியம்பாடி போற ரோட்டுல உள்ளடங்கின மாதிரி ஒரு சினிமா கொட்டாய் இருந்துச்சு. தகர ஷீட்டு கூர. சாயங்காலம், ராத்திரி ஆட்டத்துக்கு பழைய தமிழ்ப் படம், ஆள் வராது. காலையில பதினோரு மணி ஆட்டத்துக்கு இங்கிலீஷ் படம், ஆள் நிக்க எடமிருக்காது. தோல் மண்டி பின்சுவத்துல போஸ்டர் ஒட்டுவாங்க. யாரோ மானஸ்தன் ஒருத்தன் விடிகாத்தால வந்து போஸ்டர்ல கறுப்பு பெயிண்ட் அடிச்சிட்டுப் போவான். பெயிண்ட் ஜாஸ்தியா இருந்தா படம் நல்ல படம்னு நாங்க கண்டுக்குவோம்.

இங்கிலீஷ் படம்னு பேருதான். பாதிக்கு மேல இங்கிலீஷ்காரனே இருக்க மாட்டான். நம்ம நெறம், சப்ப மூக்கு, நீட்டு முடி. பேச்சு மட்டும் இங்கிலீஷ்ல மேல ஒட்டியிருப்பாங்க. அதெல்லாம் பிலிப்பைன்ஸ் படம்னு அப்ப எங்களுக்கு எங்க தெரியும். மெட்ராஸ்ல தேஞ்சு, வாலாஜாபேட்டையில கிழிஞ்சு, வேலூர்ல ஓடி, பஸ் மேல பொட்டி ஏறி எங்க ஊருக்கு வரும்போது கதைன்னு ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதுக்கு நடுவுல பிட்டு. பிட்டுன்னா, சென்சார்காரன் பாக்காத துண்டு ஃபிலிம். தனி டப்பாவுல வரும். ஆட்டத்துக்கு முன்னாடி ஆபரேட்டர் அத படத்து நடுவுல ஒட்டி விடுவான். போலீஸ் ஜீப் வந்தா பிச்சு எடுத்துருவான், ஜீப் போனா திரும்ப ஒட்டுவான்.

அந்த ஆபரேட்டர் என் தோஸ்த் சலீம். ஒட்டறதுல அவன் ராஜா இல்ல. ஒரு தபா பிட்ட தலகீழா ஒட்டிட்டான். கொட்டாய் பூரா ஆம்பளைங்க தலைய ஒரு பக்கமா சாச்சு பாத்துக்கினு ஒக்காந்திருந்தாங்க. கழுத்து சுளுக்கு புடிச்சவனெல்லாம் உண்டு.

அங்கதான் மாஸ்டர் என்னப் புடிச்சார். ஒரு ஞாயித்துக்கிழம. நான் துண்ட தலையோட மூடிக்கினு, கண்ணு மட்டும் வெளிய விட்டுக்கினு இருட்டுல போய் ஒக்காந்தேன். பக்கத்து சீட்டுலருந்து மெதுவா ஒரு கொரல் வந்துச்சு.

"செருப்ப மாத்திக்கினு வரணும்டா. மூஞ்ச மூடினா போதாது."

எனக்கு உசுரு போய் வந்துச்சு. மாஸ்டர் கோயில் சட்ட போட்டிருந்தார். காலையில மொத ஆராதனைக்குப் போயிட்டு நேரா வந்திருக்கார். பைபிள் பைய தொட அடியில வச்சுக்கினு ஒக்காந்திருந்தார். தரையில வைக்க மனசு வரல போல. மடியில வைக்கவும் வரல போல.

மறுநாள் கம்பெனியில தலைய காட்ட வெக்கம். அவருக்கு ஒரு வெக்கமும் இல்ல. பெல்ட்டாண்ட என்ன நிறுத்தி, நேத்து அவர் பாதியில எழுந்து போனப்பறம் வேற பொம்பளைங்க யாராவது படத்துல வந்தாங்களான்னு கேட்டார். வந்தாங்கன்னேன். காலு தெரிஞ்சுச்சான்னார். நான் கெக்கேன்னு சிரிச்சேன். மாஸ்டர், அங்க வந்தவன் எவன் கால பாத்தான்னேன். அவர் சிரிக்கல.

"இனிமே பாரு. எடது காலு. சுண்டு வெரல் இருக்கா இல்லயான்னு பாரு."

ஏன்னு சொல்லல. அப்ப ஆரம்பிச்சது அந்த கூத்து. அவர் வர முடியாத ஞாயிறுக்கு நான் போய் கால் எண்ணிட்டு வரணும். ஊர்ல அத்தன பேரும் மேல பாத்துக்கினு இருக்கறப்ப நான் ஒருத்தன் மட்டும் கீழ பாத்துக்கினு இருப்பேன். திங்கக்கிழம போய், எல்லாருக்கும் வெரல் முழுசா இருக்கு மாஸ்டர்னு சொல்லுவேன். அவர் ஒரு மூச்சு விடுவார். அன்னிக்கு பூரா கலகலன்னு இருப்பார். எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தருவார். மறுபடி வெள்ளிக்கிழம புது போஸ்டர் ஒட்டினா மூஞ்சி இருண்டுரும்.

படத்துல அவர் கூட ஒக்காந்தா இன்னொரு பேஜாரு. மேல ஓடற இங்கிலீஷ கேக்க மாட்டார். கால பாத்து முடிச்சாச்சுன்னா, அந்த பொம்பள ஒதட்ட பாப்பார், மூஞ்சில அவரு பாக்கற ஒரே எடம் அது. பாத்துட்டு அந்த ஊர் பாஷையில அவரே முணுமுணுப்பார். ஒரு வார்த்த அடிக்கடி வரும், ஹுவாக். அப்படின்னா இன்னா மாஸ்டர்னு கேட்டேன்.

"வேணாம்னு அர்த்தம். அவ வேணாங்கறா. அதுக்கு மேல வா வான்னு இங்கிலீஷ்ல ஒட்டியிருக்கான்."

அதுக்கப்பறம் எனக்கு படம் பாக்கறதே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேணாம், வேணாம்னு வாய் அசையும். கொட்டாய் பூரா விசில் அடிக்கும்.

அந்த ஊர் சினிமாவுக்கு இந்த பைத்தியம் எப்படி புடிச்சுதுன்னு பெல்ட்டாண்ட வேல செஞ்சுக்கினே கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவார். மொதல்ல நம்மள மாதிரிதானாம். குடும்பம், அழுக, சர்ச்சுல கல்யாணம். அவர் அங்க போறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி எவனோ துணிய கம்மி பண்ணி ஒரு படம் எடுத்திருக்கான். கொட்டாய் ரொம்பி வழிஞ்சுதாம். ஒடனே எல்லாவனும் அதையே எடுத்தான். அந்த மாதிரி படத்துக்கு பொம்பா படம்னே ஒரு பேரு. அப்பறம் பட்டாள சட்டம் வந்துருச்சு. சாமத்துக்கு மேல வெளிய நின்னா ஜீப்புல தூக்கிப் போட்டுக்கினு போவான். சினிமாவுல ஒடம்பு தெரியக் கூடாதுன்னும் சொல்லிட்டான். படக்காரன் சரின்னு எல்லாருக்கும் துணி போட்டான். வெள்ளத் துணியா போட்டு, ஆத்துல எறக்கி விட்டுட்டான்.

நம்மாளுங்க மழப் பாட்டு மாதிரின்னு சொல்லுங்கன்னேன். அவர் தலைய ஆட்டினார். மரிகினாவுல கம்பெனிக்குப் பின்னாடியே ஆறு இருக்காம். அங்க படம் புடிக்கறத அவரே பாத்திருக்கார். ஒரு பொண்ண விடிகாத்தாலருந்து தண்ணியில நிக்க வச்சிருந்தாங்க. எல்லாரும் மேல பாத்தாங்க, இவர் தண்ணிக்குள்ள கால பாத்திருக்கார். வெரலெல்லாம் உள்ள மடங்கி, நீலமா இருந்துதாம். படத்துல அந்த எடத்துக்கு நல்ல பாட்டு போட்டிருந்தாங்கன்னார்.

அப்பறம் கவர்மெண்டே கடலோரமா ஒரு பெரிய சினிமா மாளிக கட்டிச்சாம். அவசர அவசரமா கட்டினதுல சாரம் சரிஞ்சு ஆளுங்க ஈர சிமெண்டுல விழுந்துட்டாங்க, தோண்டக்கூட நேரமில்லாம மேல பூசிட்டாங்கன்னு அங்க பேசிக்குவாங்களாம். அந்த மாளிகையிலதான் பின்னாடி வெட்டாத படமா ஓட்டினாங்க. கீழ பொணம், மேல படம், வெளிய க்யூ.

அந்த சமயத்துலதான் ஷூ கம்பெனி கேட்டாண்ட குடையோட ரெண்டு பேர் வந்து நிக்க ஆரம்பிச்சானுங்களாம். வேல விட்டு வர்ற பொண்ணுங்கள பாத்து, சினிமாவுல நடிக்கறியா, சும்மா பின்னாடி நிக்கற வேலதான், அப்படின்னு கேப்பானுங்களாம். ஸ்டிச்சிங்ல சில மிஷின் காலியாகும். கொஞ்ச நாள் கழிச்சு அந்த மொகம் போஸ்டர்ல இருக்கும்.

"நான் கெளம்பின வருஷம் அது. அதுக்கப்பறம் அந்த ஊர் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் கொட்டாய்ல பாத்ததுதான்" அப்படின்னார். வருஷத்துக்கு வருஷம் துணி கம்மியாகிக்கினே வந்துச்சாம். கடைசி வரைக்கும் செருப்பு மட்டும் மரிகினா செருப்பா இருந்துச்சாம். அத வச்சுதான் எது அந்த ஊர் படம்னு கண்டுபுடிப்பாராம். இப்ப வர்ற படத்துல செருப்பும் இல்லன்னார்.

காரணத்த ஒரு நாள் அவரே சொன்னார். கம்பெனியில கரெண்ட் போயி, ஜெனரேட்டரும் ரிப்பேராயி, எல்லாரும் வெளிய வேப்ப மரத்தடிக்குப் போய்ட்டாங்க. பேக்கிங்ல அட்டப் பொட்டி மேல நானும் அவரும்தான். நான் வழக்கம்போல, இன்னா மாஸ்டர், அந்த ஊர்ல சின்ன வீடு ஏதாவது செட்டப் பண்ணி வச்சிருந்தீங்களா, அவளதான் தேடறீங்களான்னு கிண்டல் பண்ணேன். கையில இருந்த ஷூவ கீழ வச்சார்.

"அங்க எனக்கு ஒரு பொண்ணு இருக்காடா."



இங்க சம்சாரமும் ரெண்டு பசங்களும் இருக்கும்போதே அங்க ஒருத்தி கூட குடும்பம் நடத்தியிருக்கார். அவளும் ஷூ கம்பெனிதான், ஸ்டிச்சிங். ஒரு பொண்ணு பொறந்துச்சு. வீட்டுக்குள்ளயே பட்டற போட்டு வேல செய்வாராம். அந்த ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தானாம். பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும்போது இவர் மேசை மேலருந்து தோல் வெட்டற கத்தி வழுக்கி விழுந்து, கீழ வெளாடிக்கினு இருந்த கொழந்த எடது கால் சுண்டு வெரல் போயிருச்சு. அதுலருந்து அவளுக்கு இவரே தனியா ஷூ செஞ்சு போடுவார். எடது ஷூவுல ஒரு சின்ன தோல் உருண்ட வச்சு தச்சிருப்பார். வெளிய பாத்தா தெரியாது. வெரல் இல்லன்னு பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாதாம். அது எங்க ரெண்டு பேர் ரகசியம்னார்.

இங்க அப்பாவுக்கு முடியலன்னு சேதி வந்து கெளம்பினார். கேட்டாண்ட பொண்ணு நின்னா. எட்டு வயசு. திரும்பி வரும்போது பெரிய சைஸ் ஷூ செஞ்சு கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்தவர்தான். இங்க வந்தா காரியம், சொத்து, பசங்க, சம்சாரம். அங்க கம்பெனியும் மூடிட்டாங்க. போகலாம் போகலாம்னு வருஷம் போச்சு. ரொம்ப நாள் கழிச்சு, தோல் வாங்க அந்தப் பக்கம் போன ஏஜெண்ட் ஒருத்தர் சேதி சொன்னார். அம்மாக்காரி செத்துட்டா. பொண்ணு வளந்து பெரியவளாயி, வீட்ட காலி பண்ணிக்கினு மணிலா போய்ட்டா. கூட்டிக்கினு போனவன் அந்த குடக்காரன்ல ஒருத்தன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களாம்.

"இப்ப இருபத்தஞ்சு தாண்டியிருக்கும். மூஞ்சி எனக்குத் தெரியாது. காலு தெரியும்."

டிபன் பையில கைய விட்டு, பிளாஸ்டிக் கவர்ல சுத்தின பாஸ்போர்ட்ட எடுத்துக் காட்டினார். புதுசா எடுத்தது. தெனமும் சோத்து டப்பா கூடவே அதுவும் வந்து போய்க்கினு இருந்திருக்கு, எனக்கு தெரியல.

அவர் தனக்குத்தானே ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தார். படத்துல அவ வராத வரைக்கும், அவ எங்கயோ நல்லா இருக்கா. வந்துட்டா, சம்சாரத்துகிட்டயும் பசங்ககிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டு மறுநாளே கெளம்பிருவார். தேடிக் கூட்டியாராம வர மாட்டார். அவ்ளோ பெரிய நாட்டுல எத்தன பொண்ணுங்க, உங்க பொண்ணுதான் நம்ம ஊர் கொட்டாய்க்கு வந்து நிக்கப் போறாளான்னு கேட்டேன்.

"பாக்காம இருந்தா மட்டும் இல்லாம போயிருமாடா?"

பைபிள் பைய தொட்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். நான் சலீமுக்குக் கூட சொல்லல. நான் ரகசியம் காத்தது வாழ்க்கையில அது ஒண்ணுதான்.

அப்பறம் அந்த ஞாயித்துக்கிழம வந்துச்சு. போஸ்டர்ல பெயிண்ட் அடிச்சது போக மீதி இருந்தது ஒரு ஜன்னலும் கொஞ்சம் முடியும்தான். மாஸ்டர் ரோட்டுல நின்னு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கினு இருந்தார். வேணாம் மாஸ்டர், இன்னிக்கு நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன். கேக்கல.

படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல வெளிய ஜீப் சத்தம். லைட்டு போட்டாங்க. மேல சலீம் பிட்ட பிச்சு ஒளிச்சிருப்பான். ரெண்டு போலீஸ் உள்ள வந்து சுத்திப் பாத்தாங்க. எல்லாரும் சர்ச்சுல ஒக்காந்த மாதிரி கைய கட்டிக்கினு இருந்தோம். மாஸ்டர் ஒருத்தர்தான் நெசமாவே சர்ச்சுலருந்து வந்தவர், அவருக்குத்தான் வேர்த்து ஊத்துச்சு. போலீஸ் ஆபீஸ் ரூம்ல ஒக்காந்து கலர் குடிச்சிட்டு போனாங்க. லைட்டு அணஞ்சுது. படம் திரும்ப ஓடிச்சு.

கொஞ்ச நேரத்துலயே பிட்டு வந்துச்சு. வந்ததும் சவுண்டு போயிருச்சு. வழக்கமா பிட்டுக்கு ஏதாவது ஊதல் சத்தமாவது இருக்கும், அன்னிக்கு மிஷின் ஓடற கிர்ருன்னு ஒரு சத்தம் மட்டும்தான். எல்லாவனும் சலீமோட அம்மா அக்காவ இழுத்து சவுண்டு சவுண்டுன்னு கத்தினானுங்க. படமும் கொஞ்சம் மங்கலாதான் இருந்துச்சு.

ஒரு ரூமு. ஒரு கட்டில். பின்னாடி சுவத்துல ஒரு போர்டு, இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு. நான் எழுத்துக் கூட்டிப் பாத்தேன், ஒரு எழுத்து கூட வெளங்கல. இங்கிலீஷ் எனக்கு எப்பவும் அப்படித்தான், அதனால விட்டுட்டேன். கட்டில் ஓரத்துல ஒருத்தி எங்களப் பாத்த மாதிரி ஒக்காந்திருந்தா. முடி முன்னாடி விழுந்து மொகம் தெரியல. குனிஞ்சு செருப்பு வார அவுத்தா. கேமரா கீழ எறங்கிச்சு. கொட்டாய்ல எல்லாவனுக்கும் கோவம், எதுக்குடா கீழ போறன்னு.

ஒரு காலு. அஞ்சு வெரல்.

இன்னொரு செருப்ப அவுத்தா. நாலு வெரல்.

மாஸ்டர் கை என் முட்டிய புடிச்சுது. எலும்பு நொறுங்கற புடி. தெரையில அந்த காலு எங்க ஊர் லாரி அளவுக்கு இருந்துச்சு. சுண்டு வெரல் இருக்க வேண்டிய எடத்துல வழவழன்னு ஒரு மேடு. பாத்துக்கினே இருக்கறப்ப அந்த கால் வெரலெல்லாம் மெதுவா உள்ள மடங்கிச்சு. குளுருக்கு மடங்கற மாதிரி.

எதுக்க ஒக்காந்திருக்கறவளுக்கு எது எடது எது வலதுன்னு எனக்கு ஒரே கொழப்பம். நம்ம பக்கமா, அவ பக்கமா. நான் என் கைய நீட்டி மடக்கி பாத்துக்கினு இருந்தேன். மாஸ்டருக்கு கொழப்பமே இல்ல. தலைய நிமுத்தாம, தெரையில அந்த காலு இருந்த எடத்த விட்டு கண்ண எடுக்காம இருந்தார். பிட்டு முடிஞ்சு, சவுண்டு திரும்ப வந்து, யாரோ ஒருத்தன் கார் ஓட்டற சீன் வந்தப்பதான் என் முட்டிய விட்டார்.

"வலது. வலது காலுடா."

நல்லா பாத்தீங்களான்னேன். எனக்கா எடது வலது சொல்லித் தர்றன்னு கேட்டு சிரிச்சார். சிரிச்சுக்கினே அழுதார். எழுந்து நின்னுட்டார். ஒக்காருய்யான்னு பின்னாடி இருக்கறவனெல்லாம் கத்தினான். பைபிள் பைய எடுத்துக்கினு, எல்லார் காலையும் மிதிச்சுக்கினு, வெளிய போனார். அவர் அடுத்தவன் கால மிதிச்சு நான் பாத்தது அன்னிக்குதான்.

சைக்கிள் ஸ்டாண்டுல வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. பின்னாடியே ஓடின என்ன நிறுத்தி, ரெண்டு கையாலயும் என் கன்னத்த புடிச்சு மூஞ்சிய பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"ஒனக்கு மூக்குல மச்சம் இருக்குதாடா? இவ்ளோ நாளா எனக்குத் தெரியாதே."

எனக்கு சந்தோஷப்படத்தான் தோணணும். ஆனா அந்த மடங்கின வெரலே கண்ணுல நின்னுச்சு. அப்ப அவ யாரு மாஸ்டர், அவளுக்கும் சுண்டு வெரல் இல்லயேன்னு கேட்டேன். அவர் பைய சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிக்கினே, சாவகாசமா சொன்னார்.

"அங்க எல்லா வீட்லயும் கத்திதான். வேற எவனாவது மாஸ்டரோட பொண்ணா இருக்கும்."

சொல்லிட்டு ஏறி மிதிச்சுக்கினு போய்ட்டார். அந்த வார்த்த எனக்கு என்னமோ பண்ணிச்சு. அவ்ளோ லேசா சொல்லிட்டார்.

அன்னியோட கொட்டாய்க்கு வர்றத நிறுத்திட்டார். கணக்கு முடிஞ்சுது, கடவுள் வெரல் இல்லாத பொண்ணையே காட்டி அது அவ இல்லன்னு பதில் சொல்லிட்டார்னு என்கிட்ட சொன்னார். டிபன் பையில பாஸ்போர்ட்டு வர்றதும் நின்னுச்சு. பின்னாடி ஒரு நாள் கேட்டப்ப, பீரோவுல எங்கயோ கெடக்கு, தேதி முடிஞ்சிருக்கும்னார். ஆள் மாறிட்டார். எல்லார் மூஞ்சியையும் பாத்து பேசறார், ஜோக் அடிக்கறார். ஸ்டிச்சிங் பொண்ணுங்களுக்கு இப்பதான் அவர புடிச்சுது. ஒடம்பு கூட போட்டுச்சு. ஒரு தபா மட்டும், ரெண்டும் எடது காலா ஒரு டப்பா வெளிநாட்டுக்குப் போயி அங்கருந்து புகார் வந்துச்சு. அவர் கையில அதுதான் மொத தப்பு. மேனேஜர் கூப்ட்டு கேட்டப்ப, வயசாயிடுச்சு சார்னு சிரிச்சாராம்.

இப்ப கம்பெனியிலருந்து நின்னுட்டார். பேத்தி எடுத்தாச்சு. கொட்டாய் அட்டப் பொட்டி குடோன் ஆயிடுச்சு. போன வாரம் பஸ் ஸ்டாண்டாண்ட டீ வாங்கிக் குடுத்துட்டு, சுத்திமுத்தி பாத்துட்டு, மெதுவா என் காதாண்ட வந்து பேசினார்.

"அவ இப்ப நர்ஸா இருப்பாடா. எங்கயாவது அரபு நாட்டுல. அந்த ஊர் பொண்ணுங்க எல்லாம் அதுக்குத்தானே போவுதுங்க."

தெனமும் ராத்திரி நல்லா தூக்கம் வருதுன்னும் சொன்னார். என் மூக்கு மச்சத்த ஒரு தட்டு தட்டிட்டு போனார். வீட்டுக்கு வந்து எனக்குத்தான் தூக்கம் வரல. அதான் ஒக்காந்து எழுதிட்டேன்.

எழுதினத எவன்கிட்டயாவது படிச்சுக் காட்டணும்ல. சத்தியம் பண்ணி வருஷமாச்சு, சலீம்தானேன்னு போனேன். வாணியம்பாடியில செல்போன் ரிப்பேர் கட வச்சிருக்கான். ஒரு போன பிரிச்சு வச்சுக்கினு, வேல செஞ்சுக்கினே கேட்டான். மாஸ்டர் பொண்ணு கத இப்பதான் அவனுக்குத் தெரியும். பாதபூஜைக்கு சிரிச்சான். தலகீழ் பிட்டுக்கு சிரிச்சான். ஜீப் வந்த எடத்துல, டேய் அன்னிக்கு எனக்கு கை நடுங்கிச்சுடான்னு சொல்லி சிரிச்சான். சவுண்டு போன எடத்துல சிரிப்பு நின்னுச்சு. சுவத்துல இருந்த போர்ட பத்தி எழுதினத மறுபடி படிக்கச் சொன்னான். படிச்சேன். கடைசி வரைக்கும் கேட்டான். ஸ்க்ரூ டிரைவர கீழ வச்சுட்டு, கடைக்கு வெளிய ரோட்ட பாத்துக்கினே சொன்னான்:

"அந்த பிட்ட அவசரத்துல பொறட்டி ஒட்டிட்டேன் மச்சான், அன்னிக்கு தெரையில வலதா தெரிஞ்சதெல்லாம் எடது."